இருபத்தொன்பது வயது, பெண்

எங்கள் கட்சி ஜனாதிபதி வேட்பாளரைப் போனில்தான் தேர்ந்தெடுக்கிறது.

ஐந்து சர்வே கம்பெனிகள், ஐந்து நாட்கள், மாலை ஆறரை முதல் ஒன்பது வரை. கம்ப்யூட்டர் ஏதோ ஒரு வீட்டு எண்ணைப் பொறுக்கி எடுக்கும். போனை எடுப்பவரிடம், எதிர்க்கட்சிக்காரரை எதிர்த்து இவர் நின்றால் யாருக்கு ஓட்டு, அவர் நின்றால் யாருக்கு ஓட்டு என்று கேட்பார்கள். அதிகம் வாங்குகிறவர் வேட்பாளர். ஜெயிக்கக்கூடியவர் யார் என்று ஓட்டுப் போடப்போகிறவர்களிடமே கேட்டுவிடுகிறோம், இதைவிட நேர்மையான வழி இல்லை என்று கட்சி சொல்லும். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். கல்லூரியில் புள்ளியியல் படித்தவன்.

அந்த ஐந்து நாட்களும் ஆதரவாளர்கள் மாலையில் வெளியே போக மாட்டார்கள். கல்யாண விருந்து என்றாலும் வீட்டில் ஒருவரை விட்டுவிட்டுத்தான் கிளம்புவார்கள். குளிக்கப் போகிறவர் போனைக் குளியலறை வாசல்வரை இழுத்து வைப்பார். வீட்டு போனையே மறந்துபோன காலத்தில், ஐந்து நாளைக்கு அதுதான் வீட்டின் எஜமான்.

அந்த வருஷம் போட்டியில் இரண்டு பேர். ஒருவர் முன்னாள் பிரதமர் பெங். இன்னொருவர் எங்கள் ஜியாயி தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் ஷென். என் மனைவி பெய்-யூ ஷென்னிடம் ஆறு வருஷம் வேலை பார்த்தாள். பேச்சு எழுதுவாள், புகார் கேட்பாள், போன் எடுப்பாள். யார் கூப்பிட்டாலும், கடன் அட்டை விற்கிறவர்கள் கூப்பிட்டாலும், வைப்பதற்கு முன், "நீங்க சாப்பிட்டாச்சா?" என்று கேட்பாள். எதிர்முனையில் இருப்பவர் திகைத்துப்போவது இங்கே எனக்குக் கேட்கும்.

அதற்கு முந்தின வருஷம் ஏப்ரலில் ஒரு செவ்வாய்க்கிழமை அலுவலகத்தில் தலை வலிக்கிறது என்று மேஜையில் சாய்ந்தாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்திருந்தது. வயது இருபத்தொன்பது. எங்களுக்குக் கல்யாணமாகி நாலு வருஷம்.

நாற்பத்தொன்பதாம் நாள் சடங்கு முடிந்ததும் ஷென் வீட்டுக்கு வந்தார். "அவ விட்ட எடத்துல இருந்து நீ செய், ஆ-ஹான்" என்றார். சரி என்றேன். அந்த நாட்களில் யார் எதைக் கேட்டாலும் சரி என்பேன். அவளுடைய மேஜையை எனக்குக் கொடுத்தார்கள். அவளுடைய கோப்பை அதிலேயே இருந்தது. நான் அதில் பேனா வைத்துக்கொண்டேன்.

ஷென் ஜெயிக்க வேண்டும். எனக்கு அரசியல் பிடிக்கும் என்பதால் இல்லை. பெய்-யூ தன் மாலைகளையெல்லாம் அதற்குத்தான் கொடுத்தாள். எட்டு மணி, ஒன்பது மணி. நான் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பேன். அவள் வராமல் நான் சாப்பிட மாட்டேன். ஷென் தோற்றுவிட்டால் அந்த மாலைகளை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

ஷென் தோற்றுக்கொண்டிருந்தார். எங்கள் சொந்தக் கணக்கில் மூன்று புள்ளி பின்தங்கியிருந்தோம். வயதானவர்கள் எங்கள் பக்கம். இளைஞர்கள் பெங் பக்கம்.

ஒரு சாயங்காலம் ஷென்னிடம் காகிதத்தில் போட்டுக் காட்டினேன். வாக்காளர்களில் இருபதுகளில் இருப்பவர்கள் நூற்றுக்குப் பதினைந்து பேர். ஆனால் வீட்டு போனை எடுப்பவர்களில் நூற்றுக்கு மூன்று பேர்தான். அதனால் சர்வே கம்பெனி, கிடைக்கிற ஒரு இளைஞரை ஐந்தாக எண்ணும். அறுபது தாண்டியவர் ஒருவரை அரையாக எண்ணும்.

"அதனால?" என்றார் ஷென்.

"நம்ம ஆளுங்க பத்து பேர் அஞ்சா நிக்கறாங்க, மேடம். அதே பத்து பேர் வயசை மாத்திச் சொன்னா அம்பதா நிப்பாங்க."

அவர் எழுந்து கோப்பைகளை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனார். வழக்கமாக அவர் கோப்பை கழுவுகிறவர் இல்லை. தண்ணீரை நன்றாகத் திறந்துவிட்டார்.

"தண்ணிச் சத்தம். நீ சொன்னது காதுல விழல" என்றார், திரும்பாமல். பிறகு, "பெய்-யூ இருந்தா என்ன சொல்லியிருப்பா?"

"அவ இல்ல, மேடம்."

தண்ணீர் கொஞ்ச நேரம் ஓடிக்கொண்டிருந்தது.

அவள் என்ன சொல்லியிருப்பாள் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். கையெழுத்து இயக்கம் ஒன்றில் ஒரே ஆள் இரண்டு கையெழுத்துப் போட்டிருந்ததற்காக ஒரு பெட்டிக் காகிதம் முழுவதையும் திருப்பி எடுத்துப் பிரித்து, இரண்டு நாள் உட்கார்ந்து சரிபார்த்தவள் அவள்.

சர்வே தொடங்குவதற்கு நாலு நாள் முன்னால் கோயிலின் பின்பக்கக் கூடத்தில் கூட்டம் போட்டோம். காகிதத்தில் எதுவும் கொடுக்கவில்லை. எல்லாம் வாய்ச்சொல். நாற்பது பேர், பெரும்பாலும் பெண்கள், பிளாஸ்டிக் ஸ்டூல்களில். முன்வரிசையில் பெய்-யூவின் அம்மா, மடியில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு. துணிக்கடையில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். எதையும் எழுதி வைத்துக்கொள்கிற பழக்கம். நானும் அவரை அம்மா என்றுதான் கூப்பிடுவேன். மகள் வேலை பார்த்த இடம் என்பதால் ஷென்னின் ஒரு கூட்டத்தையும் விடமாட்டார்.

"வயசு கேப்பாங்க" என்றேன். "அறுபதுக்கு மேலன்னா, அந்த வயசு ஆளுங்க போதும், நன்றின்னு வச்சிருவாங்க. இருபதுன்னா விடவே மாட்டாங்க."

"அப்ப இருபதுன்னே சொல்லிடுவோம்" என்றார் பின்வரிசையில் மீன் உருண்டை விற்கும் பெண்மணி. "நான் எப்பவும் சொல்லிட்டுதான் இருக்கேன். என் வீட்டுக்காரன்தான் நம்ப மாட்டேங்கறான்."

"உன் குரலைக் கேட்டாலே எழுபதுன்னு தெரிஞ்சுபோயிரும்டி."

"உனக்குத்தான் எழுபது. எனக்குச் சளி."

கூடம் சிரித்தது. நான் ஒத்திகை பார்க்கலாம் என்றேன். காதில் கையை வைத்துக்கொண்டு, "வணக்கம் மிஸ், உங்க வயசு?" என்றேன்.

"இருபத்துரெண்டு" என்றார் மீன் உருண்டைக்காரர், இழைந்த குரலில்.

"என்ன வருஷம் பொறந்தீங்க?"

அவர் விழித்தார். எங்கள் வருஷங்கள் பன்னிரண்டு மிருகங்களின் பெயரில் சுற்றி வரும். பிறகு வாய்க்கு வந்ததை அடித்துவிட்டார். "எலி வருஷம்!"

"எலின்னா இருபத்துமூணு. இல்லன்னா எழுபத்தொண்ணு."

"எழுபத்தொண்ணுதான்! எழுபத்தொண்ணுதான்!" என்று பக்கத்து ஸ்டூல்காரர் தொடையில் தட்டிச் சிரித்தார்.

அப்போதுதான் நான் அதைச் சொன்னேன். யோசித்து வைத்திருந்தது இல்லை. அந்த இடத்தில் தோன்றியது. கெட்டிக்காரத்தனமான யோசனை என்றுகூட நினைத்தேன்.

"புதுசா ஒரு வயசைக் கற்பனை பண்ணாதீங்க. தடுமாறும். உங்க மகளோ மருமகளோ ஒருத்தங்களை மனசுல வச்சுக்குங்க. அவங்க வயசு, அவங்க படிப்பு, அவங்க வேலை. அவங்களாவே பேசுங்க. அப்ப ஒரு எடத்துலயும் மாட்டிக்க மாட்டீங்க."

அம்மா எழுதிக்கொண்டார். எழுதி முடித்துவிட்டுக் கையைத் தூக்கினார், பள்ளிக்கூடத்தில் போல.

"அந்தப் பொண்ணு இப்ப வீட்டுல இல்லன்னா?"

நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பின்வரிசையைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னேன். கல்யாணமாகி வெளியூர் போன மகள்களைப் பற்றிய கேள்வி என்று எடுத்துக்கொண்டேன். அப்படி எடுத்துக்கொள்ள முடிந்தது எனக்கு.

"பரவால்லம்மா. யாரா இருந்தாலும் பரவால்ல."

அதையும் எழுதிக்கொண்டார்.

சர்வேயின் நாலாம் நாள் மதியம் கிழக்குச் சந்தைக்குப் பின்னால் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போனேன். வான்கோழிச் சோறு இரண்டு பொட்டலம் வாங்கிப் போயிருந்தேன். அவர் அதைத் தள்ளி வைத்துவிட்டு, குளிரவைத்த மூங்கில் குருத்தை வெட்டித் தட்டில் அடுக்கினார். தலைமுடி வெட்டியிருந்தார். பெய்-யூ போன பிறகு அவர் முடி வெட்டி நான் பார்த்ததில்லை.

"வந்துச்சு ஆ-ஹான்! நேத்து ஏழு மணிக்கு. சர்வே போன்."

"நிஜமாவா?"

"பின்ன? நாலு நிமிஷம் பேசுனேன். நல்ல பொண்ணு. குரல் கட்டியிருந்துச்சு பாவம், அத்தனை வீட்டுக்குப் பேசணும்ல."

"என்ன சொன்னீங்க?"

"நீ சொல்லிக்குடுத்த மாதிரியேதான்."

"தடுமாறலையே?"

"ஒரு எடத்துலயும் தடுமாறல" என்றார். முகம் பளிச்சென்று இருந்தது. "திரும்பக் கூப்பிடுவாங்களா?"

"ஒரு நம்பருக்கு ஒரு தடவைதாம்மா."

"ஓ" என்றார். பிறகு, "போனை எதுக்கும் பக்கத்துலயே வச்சிருக்கேன்" என்றார்.

அன்று அவர் கிண்ணம் நிறையச் சாப்பிட்டார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உண்மையிலேயே சந்தோஷம். வெளியே வந்து ஸ்கூட்டரில் உட்கார்ந்து கைபேசியில், எங்கள் ஆட்களுக்கு வந்த அழைப்புகளின் பட்டியலைத் திறந்தேன். ஜியாயி, இருபதிலிருந்து இருபத்தொன்பது, பெண். அந்தக் கட்டத்தில் பதினாறு என்று இருந்தது. பதினேழு என்று மாற்றினேன்.

ஆறாம் நாள் காலை தலைநகர் தைபெயில் கட்சித் தலைமையகம். ஐந்தாம் மாடி. சரிபார்ப்பு அங்கேதான். வேட்பாளருக்கு ஒரு பிரதிநிதி. எங்கள் தரப்பில் நான். பெங் தரப்பில் லுவோ.

லுவோ எங்களோடு கல்லூரியில் படித்தவன். நானும் பெய்-யூவும் அவனும் ஒரே மலையேற்றக் குழு. அவன் பருமன், மலையில் முதலில் உட்காருகிறவன், ஆனால் கடைசிவரை வருகிறவன். சாவுக்கு வந்திருந்தான். மூன்று நாளும் இருந்து, இறந்தவர்களுக்காக எரிக்கும் காகிதத் தாமரை மடித்தான்.

கைபேசிகளை வாங்கி ஒரு பையில் போட்டார்கள். சர்வே கம்பெனியிலிருந்து ஒரு மேலாளர், கண்ணாடி போட்ட பெண், விதியைப் படித்தார். குலுக்கி எடுத்த இருபது ஒலிப்பதிவுகளைப் போட்டுக் காட்டுவார்கள். ஆள் மாறிப் பேசியது என்று யாராவது ஆட்சேபித்து நிரூபித்தால் அந்த அழைப்பு செல்லாது. அதோடு அந்த ஊரின் அழைப்புகள் எல்லாவற்றையும் எடுத்துக் கேட்க வேண்டும். ஆட்சேபணை இல்லையென்றால் தற்காலிக முடிவை மதியம் அறிவிக்கலாம். குலுக்கலில் வந்த எண்களுக்கு மாலையில் ஒருமுறை திரும்பக் கூப்பிட்டு உறுதி செய்துகொண்டு, நாளை மறுநாள் கட்சி முடிவை ஏற்கும்.

மொத்தக் கணக்கைத் திரையில் காட்டினார்கள். ஷென் முன்னால். பூஜ்யம் புள்ளி நாலு.

லுவோ அதை ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு வயதுவாரிக் கணக்கைக் கேட்டு வாங்கிப் புரட்டினான்.

"ஆ-ஹான், உங்க ஜியாயில தண்ணில என்னடா கலக்கறீங்க? போன வாட்டி வீட்டு போன் எடுத்த இருபது வயசுக்காரங்க பதினோரு பேர். இந்த வாட்டி அறுபத்துநாலு."

"பசங்க ஊருக்குத் திரும்பி வந்திருக்காங்க."

"வந்து வீட்டு போன் பக்கத்துலயே உக்காந்திருக்காங்களா? பாசக்காரப் பசங்க."

"உங்க தைச்சுங்ல மட்டும் என்ன? ஒரே கட்டடத்துல எட்டு கனெக்‌ஷன்."

"அது ஹாஸ்டல்."

"ஹாஸ்டல்ல யாருடா லேண்ட்லைன் வச்சிருக்கான்?"

மேலாளர் பேனாவால் மேஜையைத் தட்டினார். இருவரும் வாயை மூடிக்கொண்டோம். இரண்டு தரப்பும் செய்திருந்தது. இரண்டு தரப்புக்கும் தெரியும். ஒலிப்பதிவில் அப்பட்டமாகக் கேட்காதவரை யாரும் தொட மாட்டார்கள். ஒருவன் தொட்டால் மற்றவனும் தொடுவான்.

முதல் பதினொன்றும் ஒன்றுமில்லாமல் போயின. மீன் உருண்டைக் குரல் மாதிரி ஒன்று வந்தது, ஆனால் அது தைனான் எண். லுவோ என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கிவிட்டு, "ஆட்சேபணை இல்ல" என்றான்.

பன்னிரண்டாவது. ஜியாயி. இருபத்தொன்பது, பெண்.

மணி ஒருமுறைதான் அடித்தது. உடனே எடுத்துவிட்டார்கள்.

"ஹலோ, வணக்கம்."

அம்மாவின் குரல். ஆனால் அம்மா அப்படிப் பேச மாட்டார். அம்மா "யாரு?" என்றுதான் எடுப்பார்.

"வணக்கம். கட்சி வேட்பாளர் சம்பந்தமா ஒரு சர்வே. ரெண்டு நிமிஷம் பேசலாமா?"

"கேளுங்க கேளுங்க. ஆனா கொஞ்சம் சீக்கிரம். என் வீட்டுக்காரர் நான் போய் உக்காராம சாப்பிட மாட்டார்."

நான் மேஜையின் விளிம்பைப் பார்த்தேன். மரம் மாதிரி ஒட்டிய காகிதம் ஒரு மூலையில் பிரிந்திருந்தது.

"சரிங்க. உங்க வீட்டுல இருபது வயசுக்கு மேல எத்தனை பேர்?"

"மூணு பேர். எங்கம்மா, நான், அவரு."

"உங்க வயசு?"

"இருபத்தொம்பது."

"படிப்பு?"

"யூனிவர்சிட்டி. வரலாறு."

"வேலை?"

"ஆபீஸ்ல உதவியாளர். மக்கள் புகாரெல்லாம் கேட்டு எழுதணும். நிறைய வேலைங்க. எங்கம்மா திட்டிட்டே இருப்பாங்க, உடம்பைப் பாத்துக்கோன்னு. தலைவலின்னா டாக்டரைப் பாருன்னு." கொஞ்சம் இடைவெளி. "பாக்கணும். அடுத்த வாரம் கண்டிப்பா போறேன்."

கேட்கிற பெண், "பாத்துக்குங்க" என்றாள். பிறகு கேள்விகளைப் படித்தாள். ஷென் நின்றால்? ஷென்னுக்கு. பெங் நின்றால்? முடிவு செய்யவில்லை. எல்லாம் நான் கோயிலில் சொல்லிக்கொடுத்த வரிசையில்.

"அவ்வளவுதாங்க. ரொம்ப நன்றி."

"இருங்க" என்றது குரல். "நீங்க சாப்பிட்டாச்சா?"

திகைத்த மௌனம். நான் எத்தனையோ தடவை கேட்டிருந்த மௌனம். "இல்லங்க... இன்னும் இல்ல" என்றாள் அந்தப் பெண். போன் வைக்கப்பட்டது.

மேலாளர் தாளில் ஏதோ குறித்தார். அவருக்கு அது இன்னொரு அழைப்பு. "ஆட்சேபணை?" என்றார்.

லுவோவின் காதுமடல்கள் சிவந்திருந்தன. பெய்-யூ வரலாறு படித்தவள் என்று அவனுக்குத் தெரியும். மலையில் அவனுக்கு மூச்சு வாங்கும்போதெல்லாம் சாப்பிட்டாச்சா என்று கேட்டவள்.

"ரெண்டு நிமிஷம் கொடுங்க" என்று மேலாளரிடம் சொல்லிவிட்டு வெளியே நடந்தான். நானும் போனேன். நடைபாதையில் குடிநீர் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றோம். அவன் காகிதக் குவளையில் தண்ணீர் பிடித்தான். குடிக்கவில்லை.

"உன் மாமியார்தானே?"

"ம்."

"நீதான் சொல்லிக்குடுத்தியா?"

"பொதுவா சொன்னேன். எல்லாருக்கும்."

"பொதுவா" என்றான்.

உள்ளே யாரோ நாற்காலியை இழுக்கிற சத்தம் கேட்டது.

"நாங்களும் பொய் சொல்ல வச்சோம்டா. நான் ஒண்ணும் யோக்கியன் இல்ல. எட்டு கனெக்‌ஷன் போட்டதே நான்தான். ஆனா..." அவன் முடிக்கவில்லை. குவளையை இயந்திரத்தின் மேல் வைத்தான். "இப்ப நான் உள்ள போய் ஆட்சேபிச்சா பெங் ஜெயிப்பார். ஜியாயி மொத்தமும் பிரிச்சா உங்க பூஜ்யம் புள்ளி நாலு நிக்காது. எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும்."

"தெரியும்."

"ஆனா அதுக்கு நான் என்ன சொல்லணும் தெரியுமா? அந்தப் பொண்ணு செத்துப்போச்சுன்னு சொல்லணும். அந்த அம்மாகிட்ட டிவிக்காரன் போய் மைக்கை நீட்டுவான். நான் அவ சாவுக்கு வந்தவன்டா. என்னால முடியாது." கண்ணைத் துடைத்துக்கொண்டான். பிறகு கோபமாக, "உன் பொண்டாட்டி. நீ சொல்லு. செல்லும்னா செல்லும். செல்லாதுன்னா செல்லாது. நான் வாயைத் திறக்க மாட்டேன்."

உள்ளே போனோம். மேலாளர் பேனாவை எடுத்தார்.

யோசித்தேன் என்று சொன்னால் நன்றாக இருக்கும். யோசிக்கவில்லை. செத்துப்போனாள் என்ற அந்த வார்த்தையைப் பதினான்கு மாதமாக நான் சொன்னதில்லை. இல்லை என்று சொல்லியிருக்கிறேன். போய்விட்டாள் என்று சொல்லியிருக்கிறேன். இன்னொன்றும் மனதில் ஓடியது, அதுதான் இன்றுவரை கூசுகிறது. இருந்திருந்தால் அவளுக்கு இப்போது முப்பது முடிந்திருக்கும். அடுத்த வயதுக் கட்டத்துக்குப் போயிருப்பாள். அங்கே எடை குறைவு. அம்மா இருபத்தொன்பதோடு நிறுத்தியது நல்லதாய்ப் போயிற்று. இப்படி ஒரு கணக்கை என் மூளை அந்த நேரத்தில் போட்டு முடித்தது.

"செல்லும்" என்றேன்.

மேலாளர் தாளை நகர்த்தினார். கையெழுத்துப் போட்டேன். லுவோ போட்டான். பேனா முனை தாளைக் கிழித்தது. மிச்ச எட்டையும் கேட்டோம். அவன் என் பக்கம் திரும்பவில்லை. முடிந்ததும் பையிலிருந்து தன் கைபேசியை எடுத்துக்கொண்டு படிக்கட்டு வழியாக இறங்கிப் போனான். ஐந்து மாடி. படி இறங்கவே சோம்பல்படுகிறவன்.

மதியம் அறிவித்தார்கள். ஷென் மேடையில் நின்று அழுதார். கீழே இறங்கி வந்து எல்லார் முன்னாலும் என்னைக் கட்டிக்கொண்டார். "பெய்-யூ ஜெயிச்சுட்டா, ஆ-ஹான்" என்றார் காதில். கேமராக்கள் இருந்தன. மறுநாள் பத்திரிகையில் அந்தப் படம் வந்தது. அதில் நான் சிரிக்கிறேன்.

ஜியாயிக்குத் திரும்பும்போது மணி ஆறு. நேராக அம்மா வீட்டுக்குப் போனேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். என்ன சொல்ல வேண்டும் என்று ரயிலில் வார்த்தை வார்த்தையாக அடுக்கி வைத்திருந்தேன். அம்மா, அப்படிப் பேசியிருக்கக்கூடாது. தப்பு உங்களுடையது இல்லை, என்னுடையது.

அம்மா டிவியில் பார்த்திருந்தார். வாசலிலேயே கையைப் பிடித்துக்கொண்டார்.

"பூஜ்யம் புள்ளி நாலுதானாமே! அப்ப ஒவ்வொரு போனும் முக்கியம்தானே?"

"முக்கியம்தாம்மா."

"அவ பேசுனதும் கணக்குல சேந்துச்சா?"

நான் பேசுனது என்று அவர் சொல்லவில்லை.

"சேந்துச்சு" என்றேன்.

அவர் உள்ளே போய் பெய்-யூவின் படத்துக்கு முன்னால் ஒரு ஊதுபத்தி ஏற்றிவிட்டு வந்தார். மீனைப் பொரித்தார். மூன்று தட்டு வைத்து, வதக்கிய கீரையைப் பரிமாறினார். நான் வாயைத் திறந்தேன். "அம்மா" என்றேன்.

போன் அடித்தது.

அது சாப்பாட்டு மேஜையிலேயே இருந்தது. மிளகாய்ச் சாடிக்குப் பக்கத்தில். அவர் கரண்டியோடு அடுப்படியில் நின்றிருந்தார். "எடு, எடு" என்றார். எடுத்தேன்.

"வணக்கம். சர்வே கம்பெனிலேர்ந்து பேசறோம். மூணாம் தேதி இந்த நம்பர்ல இருபத்தொம்பது வயசு பெண் ஒருத்தர் எங்ககிட்ட பேசுனாங்க. உறுதிப்படுத்தறதுக்காகக் கூப்பிடறோம். அவங்க இருக்காங்களா?"

கட்டிய குரல். அதே பெண்.

காலையில் ஐந்தாம் மாடியில் சொல்லாததை இப்போது சொல்லலாம். டிவிக்காரர்கள் இல்லை, லுவோ இல்லை. ஒரு வார்த்தை போதும். அந்த அழைப்பு செல்லாமல் போகும், ஜியாயியைப் பிரிப்பார்கள், பூஜ்யம் புள்ளி நாலு கரையும். பெய்-யூ இருந்தால் அதைத்தான் கேட்பாள், பெட்டியைத் திரும்பத் திறக்கச் சொல்வாள். அம்மா அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணில் பயம் இல்லை. ஆசை இருந்தது. நான் என்ன சொல்லப்போகிறேன் என்று கேட்கிற ஆசை.

"ஹலோ? அவங்க இருக்காங்களா?"

"வெளிய போயிருக்கா" என்றேன்.

"நீங்க?"

"வீட்டுக்காரர்."

"ஓ, நீங்கதானா! சாப்பிடாம இருப்பீங்கன்னு சொன்னாங்க." அவள் சிரித்தாள். "எத்தனை மணிக்கு வருவாங்க?"

"லேட்டாகும். அவளுக்கு எப்பவும் லேட்டாகும்."

"பரவாயில்லைங்க. வீட்டுல உள்ளவங்க சொன்னாலே போதும். உறுதின்னு போட்டுக்கறேன்."

"போட்டுக்குங்க."

வைத்தேன். அம்மா மேஜைக்கு வந்தார். மீன் தட்டின்மேல் இன்னொரு தட்டைக் கவிழ்த்து மூடினார், நான் அந்த நாலு வருஷமும் மூடிய மாதிரி.

"லேட்டாகும்னா, காத்திருக்கலாமா?" என்றார். கேலி செய்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை.

"வேணாம்மா. சாப்பிடலாம்."

தட்டை எடுத்தேன். மீன் இன்னும் சூடாக இருந்தது. இரண்டு கிண்ணம் சோறு சாப்பிட்டேன்.